தவிட்டுப் பிள்ளைக்கு நோட்டீஸ் யார் பேரில்?

பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போகிற வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். சட்டம், விதி, எந்தத் தாளை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே நடத்தி முடித்துவிட்டார்களாம். நல்லதாகப் போயிற்று, எனக்கு அதில் பாதி மறந்தே போய்விட்டது. மறக்காதது சந்தேகப்படுவது ஒன்றுதான். சர்வீஸ் முழுக்க அதைத்தான் செய்தேன். இன்றைக்கும் பால்காரர் வாசலில் நின்று, "தண்ணி கலக்கலைங்க" என்று தானாகச் சொன்னால், நான் கேட்கவே இல்லையே, இவர் ஏன் சொல்கிறார் என்று தோன்றும். என் வீட்டில் இதற்காக என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஐம்பதுகளில் நான் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கத்துக்கு அட்டெண்டன்ஸ் ஆபீசராக இருந்தேன். கட்டாயக் கல்விச் சட்டம் எங்கள் பகுதியில் அமலில் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றவர் அனுப்பியே ஆக வேண்டும், அனுப்பாவிட்டால் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் கமிட்டி விசாரணை, அபராதம். என் பதவிக்கு ஆபீசில் நீளமான பெயர் உண்டு. தெருவில் இருந்த பெயர் 'பிள்ளை புடிக்கிறவர்'. நான் சைக்கிளில் சந்து திரும்பினால் போதும், சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் என்னைக் காட்டி இரண்டு உருண்டை கூடவே உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்த வகையில் நான் ஊருக்குச் செய்த சேவை கொஞ்சநஞ்சமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாடம் கிடைத்தது. காவிரியில் புதுத் தண்ணீர் வந்த அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திடீர்ப் பார்வைக்குப் போனேன். வாத்தியார் பேர் கூப்பிடக் கூப்பிட "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று ஒரு பேர்கூட விடாமல் பதில் வருகிறது. ஸ்ரீரங்கத்தில் ஆறு நுரை தள்ளிக்கொண்டு வருகிறது, பையன்கள் எல்லாம் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? வருகிற வழியில் படித்துறையில் குதித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன்தான் நாலைந்து பேருக்குக் குரல் மாற்றி மாற்றி உள்ளேன் ஐயா போட்டுக்கொண்டிருந்தான். நல்ல திறமைசாலி. அன்றைக்கு முடிவு கட்டினேன்: வராத பிள்ளையைவிட, 'இருக்கிறேன்' என்று வருகிற குரலைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பாடத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அங்கே வந்த குரல் 'இல்லை' என்றது.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். திருவானைக்காவலில் கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அஞ்சலையின் புருஷன் மலைக்கோட்டைக்குக் கீழே மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர், விடிவதற்குள் போய்விடுவார். அஞ்சலை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைம்மா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிள்ளை இல்லைங்க."

அவள் தலைக்கு மேலே கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. மூக்கும் முழியும் அப்படியே அஞ்சலை.

"அது யாரு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தேகம். பக்கத்து வீட்டில் கேட்டேன். அங்கே தனபாக்கியம் என்று ஓர் அம்மாள், இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். வாய் நிறையச் சிரித்தார். "தவுடா? அது நம்ம பிள்ளைதாங்க. நான்தான் தவுட்டுக்கு வாங்கினேன்!"

அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைத் தாய் தனதாக வைத்துக்கொள்ள மாட்டாள். முறத்தில் கிடத்திப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிடுவாள். விலை ஒரு முறம் தவிடு. வாங்கினவள் ஊரறியத் தூக்கிக்கொண்டு போய், திரும்பக் கொல்லைப்புற வழியாகப் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுப்பாள். தவிட்டம்மாள், பிச்சை, குப்பை என்று யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைப்பார்கள். எமன் வந்து கதவைத் தட்டினால், "எனக்கு ஏது பிள்ளை?" என்று தாய் கையை விரிக்கலாம். எங்கள் காலத்தில் எந்த வீட்டிலும் குறும்பு செய்கிற பிள்ளையை, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று கேலி பண்ணுவார்கள். என்னையும் பண்ணியிருக்கிறார்கள். நான் ஒரு வாரம் அதை உண்மை என்று சந்தேகப்பட்டு, எங்கள் தெருவில் யாருக்கு என் மூக்கு இருக்கிறது என்று தேடியிருக்கிறேன்.

அதனால் வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அட்டெண்டன்ஸ் ஆபீசர் வந்து கேட்கிற நேரத்தில் வழக்கம் ஞாபகத்துக்கு வருகிறதே, அதைத்தான் நான் சந்தேகப்பட்டேன். பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ள இந்த அஞ்சலைக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ வெளியே வந்தது. விரல் நுனியில் சிவப்பு. மருதாணி என்று முதலில் தோன்றியது. பிறகு மறுபடி பார்த்தேன். மருதாணி என்றால் பத்து விரலிலும் இருக்கும், உள்ளங்கையில் ஒரு பொட்டாவது இருக்கும். இது வலது கையில் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் தோல் வெந்து உரிந்திருந்தது. அந்தச் சிவப்பு, ஒட்டிக் காய்ந்த அரக்கு.

திருச்சியில் அரக்குத் தீக்காயம் என்றால் எந்த வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது சந்துக்குச் சந்து செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிற பட்டறைகள் இருந்தன. பட்டை தீட்டுவதற்கு முன்னால் பொடிக் கல்லைச் சூடான அரக்கில் குச்சி முனையில் ஒட்ட வேண்டும். சின்ன விரலுக்குத்தான் அது சுலபமாக வரும்.

மறுநாள் காலையிலேயே சந்து முனையில், சைக்கிள் செயின் கழன்றுவிட்டது போல உட்கார்ந்துகொண்டேன். தனபாக்கியம் வெளியே வந்தார். "ஏ தவுடு, வாடி, நேரமாச்சு" என்றார். பெண் ஓடி வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நாலு வீடு தள்ளி ஒரு பட்டறைக்குள் கொண்டுபோய் விட்டார். அவருடைய தம்பியின் பட்டறை. அஞ்சலை தன் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

என் சந்தேகம் ஒரு வீடு தள்ளி விழுந்திருந்தது. நேரே போய் அஞ்சலையிடம் கேட்டேன். "கண்ணு முன்னாடி கூட்டிட்டுப் போறாங்க, பாத்துக்கிட்டு நிக்கறியேம்மா. ஏன் தடுக்கலை?"

"எப்படிங்க தடுக்கிறது?" என்றாள். குரலை இறக்கிக்கொண்டாள். "அனுப்ப மாட்டேன்னு நான் சொன்னா, அது என் பிள்ளைன்னு ஆயிடும்லங்க? முன்னாடி ரெண்டும் என் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு வளத்ததுதான். ரெண்டும் போயிடுச்சு."

சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். சந்தில் யாரும் இல்லை. அவள் பயந்தது யார் காதுக்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கணக்கெடுக்க வந்த ஓர் ஆபீசர். என்னைப் போலவே வீடு வீடாகக் கணக்கெடுத்து, விட்டுப்போன பேரைத் தேடி வருகிற இன்னொரு ஆபீசர் இருக்கிறார், அவருக்கு மேல் அப்பீல் கிடையாது. அவரை ஏமாற்றத்தான் அவள் எட்டு வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நடுவில் குறுக்கே போன ஆள்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் நம்மிடமிருந்துதான் ஒளிக்கிறார்கள் என்று நினைப்பது நம் உத்தியோகத்தின் திமிர்.

ஆபீசில் எனக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். வெற்றிலை வாயில் இருக்கும்போது பேசமாட்டார், வெற்றிலை எப்போதும் வாயில் இருக்கும். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"நோட்டீஸ் யார் பேர்ல எழுதுவே?"

"பெத்தவ பேர்லதான் சார்."

"அவதான் பெக்கலைங்கறாளே."

"அப்ப அந்தப் பால்காரம்மா பேர்ல."

"அந்தம்மா கோர்ட்டுல வந்து, சும்மா சாங்கியத்துக்கு வாங்கினேன்னு சொன்னா?"

சட்டத்தில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்று இருந்தது. எழுதினவர்கள் தவிட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரையும் கமிட்டிக்குக் கூப்பிடு" என்றார். "ஆனா பாத்து. யாருமே என் பிள்ளை இல்லைன்னுட்டா, கமிட்டித் தலைவர் விதியைப் பாத்து அனாதை விடுதிக்கு அனுப்பிடுவார். அவர் அப்படிப்பட்ட மனுஷன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போய், வீட்டை விட்டே பிரிச்சுட்டு வந்து நிக்காதே."

அப்புறம் இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். யோசனை அவ்வளவுதான்.

கமிட்டி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அஞ்சலை சுவரோரமாக நின்றாள். தனபாக்கியம் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். நடுவில் அந்தப் பெண், விரல்களைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு.

"இது உன் பிள்ளையா?" என்று தலைவர் அஞ்சலையிடம் கேட்டார்.

அஞ்சலை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. யாருமில்லாத பிள்ளைக்கு சர்க்கார் விடுதி இருக்கு."

ஆமா என்று சொன்னால் பிள்ளை செத்துப்போகும். இல்லை என்று சொன்னால் பிள்ளையை இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூட்டல் போட்ட கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு தாய் அதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எனக்கு என் உத்தியோகத்தின் மேலேயே வெறுப்பாக இருந்தது. பெண் மெதுவாக நகர்ந்து போய் அவள் புடவையைப் பிடித்தது. அஞ்சலை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளை அழவில்லை. அதற்கு அது பழகியிருந்தது.

நான் எழுந்தேன். "ஐயா, அந்தம்மாவை அப்புறம் கேக்கலாம். முதல்ல இவங்ககிட்ட ரெண்டு கேள்வி."

தனபாக்கியம் பக்கம் திரும்பி, எனக்கு வராத ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன். "இந்தப் பிள்ளை உயிரோட இருக்கறதே உங்க கைராசியாலதான்னு தெருவே சொல்லுதுங்களே."

"ஆமாங்க" என்றார் முகம் மலர்ந்து. "நான்தான் கை நீட்டி வாங்கினேன். ஒரு மொறம் தவுடு, என் மாட்டுக்கு வெச்சிருந்தது."

"அப்ப நீங்கதான் தாய்."

"பின்னே? பெத்தாத்தானா? என் பிள்ளைதாங்க."

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். "ஐயா, பதிஞ்சுக்குங்க. காப்பாளர் தனபாக்கியம் அம்மாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததுக்கு நோட்டீஸ் இவங்க பேர்ல. பிள்ளை வேலை செய்யற பட்டறை இவங்க தம்பியோடது. விரலை நீங்களே பாருங்க. நாளையிலேர்ந்து ஒருநாள் வரலைன்னாலும் அபராதம் இவங்களுக்கு."

தனபாக்கியத்தின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அது எப்படிங்க... அது சும்மா..." என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. 'சும்மா சாங்கியத்துக்குத்தாங்க, அது என் பிள்ளை இல்லைங்க.' அவர் அப்படிச் சொன்னவுடன், 'அப்படியானால் பட்டறைக்கு அனுப்ப உங்களுக்கு என்ன உரிமை?' என்று மடக்க நான் தயாராக இருந்தேன். பிள்ளையை முதலில் அவர் கையிலிருந்து விடுவித்துவிட்டால் விடுதிப் பேச்சை அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மனிதர்களைச் சந்தேகப்பட்டே பழகினவன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை கை இரண்டையும் கூப்பிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வாயைத் திறக்காமல், சொல்லாதே, சொல்லாதே என்று தலையை மட்டும் ஆட்டுகிறாள். வாங்கினவளே என் பிள்ளை இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் விற்றது முறிந்துபோகும் அல்லவா? நான் வெட்ட நினைத்த கயிற்றில்தான் அந்தப் பிள்ளையின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் இருவர் மனதிலும்.

தனபாக்கியம் பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"என் பிள்ளைதான்" என்றார். "எழுதிக்குங்க. அபராதம்னாலும் என் பேர்லயே எழுதிக்குங்க. நாளைக்கு நானே கொண்டாந்து விடறேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் பிள்ளையின் விரலை வேக வைத்தவர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, மன்னிப்புமில்லை. அதே அம்மாள்தான் அந்தப் பிள்ளை சாகக் கூடாது என்று தன் தலையில் வழக்கை ஏற்றுக்கொண்டார். இரண்டும் ஒரே ஆள். ஒருவரை ஒரு பக்கமாகத் தெரிந்துகொண்டு அடுத்த பக்கத்தையும் நாமே எழுதிவிடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சொன்னபடி மறுநாள் கொண்டுவந்து விட்டார். நான் நம்பவில்லை. வாரம் தவறாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதவோரம் நின்று கேட்பேன். "உள்ளேன் ஐயா" என்று வருகிற குரல் அந்தப் பெண்ணுடையதுதானா என்று முகத்தையும் பார்த்துக்கொள்வேன். விரல் நுனியையும் பார்ப்பேன். சிவப்பு போய்ப் பலப்பக் கறை வந்திருந்தது.

அடுத்த வருஷக் கணக்கெடுப்புக்கு முன் சூப்பர்வைசரிடம் ஒன்று கேட்டேன். 'உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'இந்த வீட்டில் ராத்திரி யார் யார் படுக்கிறார்கள்?' என்று கேட்கலாமா? அவர் துப்பிவிட்டு வந்து, "கேளு" என்றார். அந்த வருஷம் திருவானைக்காவலில் மட்டும், எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று தெரியாத அளவுக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். தவிட்டுப் பிள்ளைகள், அத்தை வீட்டில் வளர்கிறவர்கள், இரண்டாந்தாரத்தின் வீட்டில் இருக்கும் மூத்தாள் பிள்ளைகள், 'எங்களுது இல்லைங்க' என்று எல்லோரும் உண்மையாகவே சொல்லக்கூடிய பிள்ளைகள். அறுபதுகளில் சட்டத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று எங்களைப் போன்றவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். பலரும் அபராதத்தை ஏற்றச் சொன்னார்கள். சிலர் போலீஸ் துணை கேட்டார்கள். நான் எழுந்து, பெற்றவர் யார் என்று சட்டம் தேட வேண்டாம், பிள்ளை காலையில் எந்த வீட்டில் கண் விழிக்கிறதோ அந்த வீட்டைப் பொறுப்பாக்குங்கள் என்றேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தவிட்டுக் கதையை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

இதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது அஞ்சலை வந்தாள். தலையில் நரை. கையில் ஒரு பொட்டலம், மணப்பாறை முறுக்கு. ஆபீசுக்கு வருகிற பொட்டலம் எதையும் நான் தொடுவதில்லை. யாருக்கு என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று முதலில் அதைத்தான் யோசிப்பேன்.

"என்ன விசேஷம்மா?" என்றேன்.

அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மேலேயும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாவது பாஸ் பண்ணியிருக்குங்க."

"அப்படியா? யார் பிள்ளைம்மா?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க" என்றாள் மறுபடி, முகமெல்லாம் சிரிப்பாக. "எனக்கு ஏதுங்க பிள்ளை?"

நான் எதையும் சரிபார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, அவள் எதிரிலேயே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.